கைப்பிடி ஆகாதவர்

அலமாரிக் கதவில் கைப்பிடியைக் கண்டால் அவருக்கு முகம் கோணிவிடும். சோற்றில் தலைமுடி கிடப்பதைப் பார்த்தவர்போல ஒரு கணம் நிற்பார். பிறகு வீட்டுக்காரரை இரக்கத்தோடு பார்த்து, "இது யாரு செய்தது?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். "மாத்திடலாம்" என்பார்.

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும் வீடுகளுக்கு அலமாரி, அடுக்களை, டி.வி. சுவர் ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுப்பது அவர் தொழில். நாகர்கோவிலில் அந்தத் தொழில் செய்கிறவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. அவர்களில் இவர் ஒருவருக்குத்தான் கொள்கை இருந்தது. வீட்டில் எதுவும் கண்ணில் படக் கூடாது. கைப்பிடி, கீல், திருகாணி, பூட்டு, ஒயர், சிலிண்டர், செருப்பு, துடைப்பம், எதுவுமே. "பார்த்தா சுவர் மாதிரி இருக்கணும். தொட்டாத்தான் கதவுன்னு தெரியணும்" என்பார். தொட்டாலும் தெரியாத கதவுகளை அவர் செய்திருக்கிறார். அதற்கு நான் சாட்சி.

அந்தக் கொள்கையை அவர் உடம்பிலும் கடைப்பிடித்தார். பொத்தான்கள் வெளியே தெரியாதபடி மேலே ஒரு பட்டி வைத்துத் தைத்த கறுப்புச் சட்டை. எண்கள் இல்லாத கைக்கடிகாரம். அவருடைய விசிட்டிங் கார்டு முழு வெள்ளை. எழுத்துகளை மையில்லாமல் அழுத்தி அச்சிட்டிருந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பெயர் தெரியும். பலர் அதை வெற்று அட்டை என்று நினைத்து, பின்பக்கம் பால் கணக்கு எழுதிவிட்டார்கள்.

பேச்சு கொச்சிப் பேச்சு. பெண்களை "சேச்சி" என்பார், ஆண்களை "சேட்டா". ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், நம் 'அதாவது'க்குப் பதிலாக, ஒரு "அதாயது". எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மலையாளம் நாக்கு நுனியில் உண்டு. ஆகவே யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. மாறாக, ஒரு மதிப்பைக் கொடுத்தது. உள்ளூர்க்காரன் கதவு செய்தால் ஆசாரி. கொச்சிக்காரன் செய்தால் டிசைனர்.

நான் அப்போது ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திகள் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது சுசீந்திரம் போகும் சாலையில் ஒரு மாடியில். கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரி. ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் தோஹாவில். ஊரே அவரை அக்கா என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். அந்த மகன்தான் போனில் படம் பார்த்து, இந்த டிசைனரைப் பிடித்து, வீட்டு ஹாலையும் அடுக்களையையும் மாற்றித்தரச் சொல்லிவிட்டான். பிறகு எனக்குக் கூப்பிட்டான். "அண்ணே, அம்மைய அவரோட ஆபீசுக்கு ஒருக்க கூட்டிட்டுப் போங்க. நீங்க கூட இருந்தா அவ வாய அடக்கிட்டு இருப்பா."

அக்கா யார் கூட இருந்தும் வாயை அடக்கியவரல்ல. ஆனாலும் போனோம்.

ஆபீஸ் செட்டிகுளம் பக்கத்தில் ஒரு மாடி. உள்ளே நான்கு பக்கமும் சாம்பல் நிறச் சுவர். ஒரு மேசை. மேசைமேல் ஒன்றுமில்லை. அக்கா கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்டார். அங்கே வேலை பார்த்த பெண் வந்து சுவரில் ஓரிடத்தைத் தள்ளினாள்; சுவர் திறந்தது. அக்கா உள்ளே போனார். சுவர் மூடியது. நாங்கள் பிளைவுட் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏ பிள்ளே, இத எங்கன தள்ளணும்?"

அந்தப் பெண் ஓடினாள். டிசைனர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். முகத்தில் ஒரு நிறைவு. என் பக்கம் திரும்பி, "உள்ளே இருந்து பார்த்தாலும் ஜாயிண்ட் தெரியாது. அதாணு டிசைன்" என்றார். அதற்குள் அக்கா கதவை உதைத்துத் திறந்துவிட்டார்.

வீட்டில் இருப்பவர்களை அவர் "யூசர்" என்று குறிப்பிடுவார். ஒரு கதவு திறக்க வரவில்லை என்று புகார் சொன்னால், கதவைப் பார்க்க மாட்டார், சொன்னவரைப் பார்ப்பார். "யூசர் பழகணும்." அவர் அகராதியில் கெட்டுப்போன கதவு கிடையாது, பழகாத யூசர்தான் உண்டு.

இனயம் என்ற கடற்கரை ஊரில் ஒரு படகுச் சொந்தக்காரரின் வீட்டு அடுக்களையை அவர் செய்துகொடுத்தார். தரையிலிருந்து கூரைவரை வெள்ளைக் கதவுகள். எந்த இடத்தில் அழுத்தினால் எது திறக்கும் என்று அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. உப்பு எடுக்கப் போனால் குப்பைக்கூடை வந்து நின்றது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளுடைய நெயில் பாலிஷை எடுத்து, அழுத்த வேண்டிய இடங்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டாள். சரிபார்க்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, நேராகக் காருக்குப் போய்த் தின்னர் எடுத்துவந்து ஒவ்வொரு புள்ளியையும் துடைத்தார். மறுநாளே புள்ளிகள் திரும்ப வந்துவிட்டன. மறுபடியும் போய்த் துடைத்தார். "அவரு தொடைக்கத் தொடைக்க நான் வச்சிட்டே இருந்தேன். ஒரு புட்டி தீந்து போச்சு. அடுத்தது பச்சை" என்று அந்தப் பெண் பின்பு என்னிடம் சொன்னாள். அவர் தோற்ற இடங்களில் அது ஒன்று.

தோற்றதை அவர் உணராத இடமும் ஒன்று உண்டு. வடசேரியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இறந்துபோனார். அவர் வீட்டு ஹாலும் இவர் கைவரிசைதான். சாவு வீட்டில் ஆட்கள் எங்கே நிற்பார்கள்? சுவரில் சாய்ந்துதான் நிற்பார்கள். அந்த ஹாலில் சாயச் சுவர் இல்லை. சுவர்போலத் தெரிந்ததெல்லாம் அழுத்தினால் திறக்கிற கதவு. துக்கம் கேட்க வந்தவர் ஒருவர் முதுகைச் சாய்த்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். பின்னால் கதவு திறந்து தோளில் இடித்தது. அவர் நகர்ந்து வேறிடத்தில் சாய்ந்தார். அங்கேயும் டிக். கொஞ்ச நேரத்தில் ஹாலைச் சுற்றிலும் டிக், டிக் என்று கதவுகள் திறந்து, இறந்தவர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்தவை வெளியே வந்தன. பழைய காலண்டர்கள், மருந்துப் பைகள், பூச்சாடிகள். சம்பந்தி சாய்ந்த இடத்தில் மட்டும் வெளிநாட்டுச் சாராயப் புட்டிகள். உள்ளே தானாக எரியும் நீல விளக்கோடு.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் சிரிக்கிறதில்லை. வெளியே வந்து தென்னை மரத்து மூட்டில் நின்றுதான் சிரிப்பார்கள். டிசைனரும் துக்கத்துக்கு வந்திருந்தார். அவர் செய்த காரியத்தைத்தான் நான் மறக்கவில்லை. பிணத்தைச் சுற்றி ஒவ்வொருவர் பின்னாலும் போய், "ஒண்ணு மாறணே, கொஞ்சம் நகருங்க" என்று மெல்லிய குரலில் சொல்லி, கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தார். புட்டிக் கதவை அடைத்தபோது அதன் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்தார். இறந்தவரின் முகத்தை அவர் பார்த்ததாக நான் கவனிக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்கு அவர் முதன்முதலாக அளவெடுக்க வந்த நாளைச் சொல்ல வேண்டும். ஷூவைக் கழற்ற மாட்டார். ஆஸ்பத்திரியில் போடுவதுபோல ஒரு நீலப் பையை ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்வார். அந்தக் கோலத்தில் அடுக்களை, படுக்கையறை, மச்சு என்று எல்லா இடத்திலும் நடந்தார். கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் அளவுக் கருவி. அக்கா பின்னாலேயே நடந்தார்.

ஹாலில் வாசலுக்கு நேர் எதிரே, சுவரில் ஒரு கண்ணாடி. அதன்மேல் காவித்துணி. முன்னால் ஒரு பலகையில் விளக்கு, செம்பில் தண்ணீர், ஒரு தட்டில் நெற்றிக்கு இடும் வெள்ளை நாமம். அக்கா அய்யாவழிக்காரர். அந்த வழியில் கும்பிட உருவம் கிடையாது. கண்ணாடிதான். விளக்கைக் கொளுத்தி அதன் முன் நின்று, தன் முகத்தைத்தான் பார்த்துக் கும்பிடுவார்கள். ஆண்கள் தலையில் துண்டு கட்டாமல் அதன்முன் நிற்பதில்லை. ஊர்கூடிக் கும்பிடும் இடத்துக்குத் தாங்கல் என்று பெயர்; அங்கே எல்லோருக்கும் சோறு போடுவது அன்னதர்மம். நான் வேறு வழிக்காரன். மாடியில் குடியிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கண்ணாடிக்குக் கிட்டே வந்ததும் அவர் நீலப் பையையும் ஷூவையும் கழற்றினார். பக்கவாட்டில் நின்றுகொண்டு, கையை மட்டும் நீட்டி அகலத்தையும் உயரத்தையும் அளந்தார். நேராக முன்னால் வரவேயில்லை. கண்ணாடியில் கதிர் பட்டால் அளவு பிசகும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"சார், எனக்க மவன் என்னத்த வேணும்னாலும் மாத்தட்டு," என்றார் அக்கா. "இது மட்டும் இங்கன இருக்கணும். ரெண்டு நேரமும் வெளக்கு எரியணும்."

"கட்டாயம் சேச்சி. அது அங்கேயே இருக்கும். தெரியாது, அவ்வளவுதான்."

"தெரியாத கண்ணாடி என்னத்துக்கு?"

"வேணும்போது திறக்கலாம். வேண்டாதபோது அடைக்கலாம்."

"வேண்டாதபோதுன்னு ஒரு நேரம் உண்டா சார்?"

அவர் சிரித்தார். அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரேஷன் அட்டையில் ஒட்டிய போட்டோவையும் எதிரே நிற்கும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு "செய்யட்டு" என்றார். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வேலை முடிந்தபோது அந்தச் சுவர் முழுவதும் தேக்கு நிறப் பலகை. ஒரு கோடுகூடத் தெரியவில்லை. வலதுபுறம் நெஞ்சளவில் ஓரிடத்தை அழுத்தினால், பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். பலகையில் ஒரு பகுதி மேல்நோக்கி எழும்பி, குடைபோலத் தலைக்கு மேலே படுத்து நிற்கும். உள்ளே கண்ணாடி. இரண்டு பக்கமும் அதைத் தூக்கிப் பிடிக்கக் காற்று அடைத்த பம்ப். அதையும் பலகைக்குள் புதைத்திருந்தார். கீல் எங்கே இருக்கிறது என்று தேடினாலும் கிடைக்காது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், வேலை சுத்தம்.

அக்கா மேலே படுத்திருந்த கதவையும் கீழே இருந்த விளக்கையும் பார்த்தார். "வெளக்கக் கொளுத்தினா சூடு மேலதானே போவும்? கதவும் மேலதானே நிக்கி?"

"விளக்கே வேண்டாம் சேச்சி. உள்ளே எல்.இ.டி. கொடுத்திருக்கு. சுவிட்ச் போட்டா மதி, போதும். எண்ணெய் இல்ல, புகை இல்ல."

"கரண்டு போனா அய்யாவும் போயிருவாராக்கும்?"

 இன்வெர்ட்டர் என்று ஏதோ சொன்னார்.

மகன் தோஹாவிலிருந்து வீடியோவில் பார்த்துச் சந்தோஷப்பட்டான். "எம்மா, ஓட்டல் மாதிரி இருக்கு."

"ஓட்டல்ல யாரும் குடியிருப்பாவளா மக்கா?"

அக்கா எல்.இ.டி.யைப் போடவில்லை. எண்ணெய் விளக்கையே கொளுத்தினார். நடக்க வேண்டியது நடந்தது. முதலில் கதவின் அடிப்பக்கம் கறுத்தது. பிறகு மேலே ஒட்டிய மைக்காத் தகடு பப்படம்போலக் கொப்புளித்தது. மழைக்காலம் முடிவதற்குள் பம்ப் தளர்ந்துவிட்டது. ஒருநாள் அந்தியில் வாடகை கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன். அக்கா கைகூப்பி நிற்கிறார். தலைக்கு மேலே நிற்க வேண்டிய கதவு, சத்தமே இல்லாமல், மிக மரியாதையாக, கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. சாஃப்ட் குளோஸ் என்பது அதன் பெயர். கண்ணாடியில் அக்காவின் முகம் மேலேயிருந்து மறைந்துகொண்டு வந்தது. முதலில் தலைமுடி. பிறகு நெற்றியில் இட்ட நாமம். பிறகு கண். அக்கா வலது கையால் கதவைத் தாங்கிப் பிடித்து மறுகையால் கும்பிட்டு முடித்தார். அவருக்கு அந்த வலது தோள் ஏற்கெனவே தூக்க வராது.

டிசைனருக்குப் போன் செய்தோம். "சூடு பட்டா பம்ப் போகும். எண்ணெய் விளக்கு வேண்டாம்னு நான் பறஞ்சதல்லே. யூசர் பழகணும்" என்றார்.

அடுத்த நாள் அக்கா பழைய சாமான் கிடக்கும் மச்சில் ஏறி, மகன் பள்ளிக்கூடத்தில் விளையாடிய கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்றை எடுத்துவந்தார். கதவைத் தூக்கி, அடியில் அதை முட்டுக்கொடுத்தார். கச்சிதமாக நின்றது. அன்றிலிருந்து கதவை அடைக்கவேயில்லை. தேக்கு நிறத்தில் கோடு தெரியாத சுவர், நடுவில் பாதி கருகிய ஒரு பலகை, அதைத் தாங்கி நுனி மழுங்கிய ஒரு ஸ்டம்ப், அதற்குக் கீழே கண்ணாடியும் விளக்கும். வாசலில் நின்றாலே தெரியும். சாலையில் போகிறவர்களுக்கும் தெரியும்.

டிசைனர் ஒருநாள் வந்து அதைப் பார்த்தார். போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். மகன் உடனே கூப்பிட்டான். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எம்மா, அந்த ஸ்டம்ப எடுங்க. பாக்கதுக்கு அசிங்கமா இருக்கு."

"எடுத்தா கதவு விழும்."

"கும்பிட்டுட்டு அடைச்சிர வேண்டியதுதானே?"

"உன்னைய நெனச்சிட்டு அடைச்சு வைக்கியனா நான்? நீ அங்கன இருக்க. போட்டோ செவுத்துலதானே தொங்குகு?"

மகன் பேச்சை மாற்றினான். "அவரு வீட்ட காட்ட ஆளு கூட்டிட்டு வருவாராம். அன்னைக்கு ஒருநாள் மட்டும் அடைச்சு வைங்கம்மா."

"ஆளு வரட்டு. பாக்கட்டு. நான் என்ன களவுப் பொருளா வச்சிருக்கேன்?"

அக்காவின் வீடு அவருக்கு ஒரு மாதிரி வீடு. புது வாடிக்கையாளர்களை அங்கேதான் அழைத்து வருவார். மற்ற வீடுகளில் யூசர்கள் ஸ்டிக்கர் ஒட்டியும் கயிறு கட்டியும் அவர் வேலையைக் கெடுத்துவிட்டிருந்தார்கள். இந்த ஒரு சுவர்தான் மிச்சம். அதுவும் ஸ்டம்போடு நின்றது.

குவைத்திலிருந்து வந்த ஒரு தம்பதியை ஒருநாள் அந்தியில் கூட்டிவந்தார். தக்கலைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள். நான் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அப்போதுதான் கும்பிட்டு முடித்து ஒதுங்கியிருந்தார். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அவர் நீலப் பையை மாட்டினார்.

"சேச்சி, ரெண்டு நிமிஷம். அது ஒண்ணு அடைச்சா இவங்களுக்கு ஃபுல் வால் காட்டிடலாம்."

"வெளக்கு எரியுது சார்."

"அணைச்சிட்டுப் பிறகு கொளுத்தலாம்."

அக்கா நகரவில்லை. வந்த பெண், "இருக்கட்டும், பரவால்ல" என்றாள். அந்தப் 'பரவால்ல'தான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். தன் சுவரைப் பார்த்து ஒருவர் இரக்கப்படுவது அவருக்குப் புதிது. நேராகப் போனார். பாதி வழியில் நின்று, ஷூவையும் பையையும் கழற்றினார். பிறகு குனிந்து ஸ்டம்பை உருவினார். கதவின் பாரம் இறங்கியது. இடது கையால் தாங்கினார். அப்படித் தாங்கியபோது கண்ணாடிக்கு நேர் முன்னால் வந்துவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் கண்ணாடிக்குள் முழுசாகத் தெரிந்தது.

அக்கா பின்னாலிருந்து சாதாரணமாகச் சொன்னார். "தலையில துவர்த்து கெட்டாம அது முன்னால நிக்கப்பிடாதுன்னு உனக்க அம்மை சொல்லித் தரல்லியா மக்கா?"

முதல் தடவையாக 'சார்' போய் 'மக்கா' வந்திருந்தது.

அவர் அசையவில்லை. ஒரு கையில் கதவு. மறு கையில் ஸ்டம்ப். கதவை விட்டால் எரியும் விளக்கின்மேல் விழும். பிடித்துக்கொண்டு நின்றால் வெறுந்தலையோடு நிற்க வேண்டும். கண்ணாடியில் அவர் பார்வை கீழே போனது. அக்கா அவசரப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை தோறும் தாங்கல்ல அன்னதர்மத்துக்கு உனக்க அம்மையும் நானும் பக்கத்துப் பக்கத்துல இருந்துதான் தேங்கா திருவுகோம். போன்ல உனக்க படம் வச்சிருக்கா. மவன் எங்கன்னு கேட்டா, கொச்சியில இருக்கான், வர நேரம் ஒழியல்லன்னு சொல்லுகா. நீ செட்டிகுளத்துல இருக்கது அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் கொச்சின்னே பேசிட்டிருக்கோம். அவளுக்க மவன் செய்தா கண்ணாடிய அறிஞ்சு செய்வான்னு நெனச்சாக்கும் உன்னைய செய்ய விட்டது."

குவைத்துக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

அவர் பேசியபோது கொச்சி போய்விட்டிருந்தது. 'அதாயது' இல்லை, 'சேச்சி' இல்லை. கீழ்க்குரலில், எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பேசுவதுபோல இரண்டே சொற்கள்.

"அம்மைட்ட சொல்லாண்டாம்."

"கம்ப வச்சிட்டு வா."

ஸ்டம்பைத் திரும்ப முட்டுக்கொடுத்தார். வைத்த பிறகும் ஒரு கண்ணை மூடி அது நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தவறவில்லை. பிறகு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது கொச்சி திரும்பிவிட்டது. வாசலில் அந்தத் தம்பதியிடம், "இது பழைய மாடல். புதிதிலே பம்ப் ஜெர்மன் ஆணு" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

அவர் மனம் திருந்தினார் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. அடுத்து நடந்ததை, பார்த்தபடி எழுதுகிறேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் நடுப்பகலில் தனியாக வந்தார். எப்போதும் காரில் வருகிறவர், அன்றைக்கு யாருடைய பைக்கிலோ வந்தார். கையில் திருப்புளி மட்டும். அக்கா கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ஹால் முழுவதும் தெரியும். அவர் செருப்பை வாசலில் விட்டார். தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்று, ஸ்டம்பை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்து, கருகிய கதவைக் கீலோடு கழற்றினார். பம்புகளையும் தோண்டி எடுத்தார். வேர்த்து, கழுத்து வழியாக வடிந்து, பொத்தான் தெரியாத சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. அப்போதும் கழற்றவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண் என்னைப் பார்த்து, "சாருக்கு ஹெல்மெட்ட களத்த மறந்து போச்சு" என்று சைகை காட்டினாள். எதையும் மறக்கிற ஆள் அல்ல அவர். துண்டு கட்டினால் தெரிந்துவிடும். ஹெல்மெட் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கும்பிடுவதற்கும் அவர் ஒரு மறைகீல் கண்டுபிடித்திருந்தார்.

கும்பிட்டாரா என்றால், கை எழவில்லை. வேலை முடிந்தபின் தேவைக்கு அதிகமாகக் கொஞ்ச நேரம் நின்றார். அவ்வளவுதான் நான் பார்த்தது.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து, கீல் இருந்த துளைகளில் தேக்கு நிறப் பசையை அடைத்து, விரலால் தேய்த்துவிட்டார். அவர் போனபின் நான் போய்த் தேடினேன். துளை இருந்த இடம் தெரியவில்லை. கதவைப் பைக்கில் குறுக்கே கட்டிக்கொண்டு நாகர்கோவில் பக்கம்தான் திரும்பினார். அவர் அம்மா வீடு எதிர்த்திசையில்.

அதற்கு அடுத்த வருஷம் ஆபீசைக் காலிசெய்துவிட்டு உண்மையாகவே கொச்சிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பொய்யை உண்மையாக்க அவ்வளவு தூரம் போகிற ஆள்தான். அவருடைய இணையப் பக்கத்தில் அக்காவின் ஹால் படம் இன்னும் இருக்கிறது. கதவு அடைத்திருந்த காலத்துப் படம். கண்ணாடி தெரியாது.

அவர் கதவைக் கழற்றிப்போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தாங்கலிலிருந்து திரும்பி வந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கேட்டேன். "அவருக்க அம்மைட்ட சொன்னியளா?"

"என்னத்த?"

"அவரு வந்ததையும் கதவக் களத்தினதையும்."

"சொன்னேன். தலைய மூடிட்டுத்தான் முன்னால நின்னான்னும் சொன்னேன். அவளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. திருவின தேங்காயில விழப்பிடாதுன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டா."

"ஹெல்மெட்டுன்னு சொன்னியளா?"

அக்கா திரியை எண்ணெயில் தோய்த்து, விளக்கில் வைத்து, தீக்குச்சியை உரசினார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"அது அவளுக்குத் தெரியாண்டாம்," என்றார்.